ஃபேர்பேர்ன்-சைக்ஸ் சண்டைக்கத்தி சேகரிப்பு

ஃபேர்பேர்ன்-சைக்ஸ் சண்டைக்கத்தி இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் கமாண்டோ வீரர்களுக்காக உருவான இருபுறமும் கூரான கத்தி. பழைய போர்க்கத்திகளைச் சேகரிப்போர் மிகவும் விரும்பித் தேடும் கத்திகளுள் ஒன்று, போலிகள் மலிந்ததும்கூட.

டபிள்யூ. இ. ஃபேர்பேர்ன், இ. ஏ. சைக்ஸ் இருவரும் ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் பணியாற்றியவர்கள். அங்கே கைகலப்புச் சண்டையில் பெற்ற அனுபவத்தை 1940-இல் பிரிட்டன் திரும்பிப் படைவீரர்களுக்குக் கற்றுத்தந்தனர். அந்த ஆண்டு நவம்பரில் வில்கின்சன் சோர்டு நிறுவனத்தில் கத்தியின் வடிவம் முடிவானது. 1941-இன் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது.

சேகரிப்போர் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையின் கைக்காப்பு எஸ் எழுத்துப்போல் வளைந்திருக்கும். அலகின் அடியில், கைக்காப்பை ஒட்டி, கூர் தீட்டாத ஒரு தட்டைப் பகுதி உண்டு. ஒரு பக்கம் வில்கின்சனின் முத்திரையும் மறுபக்கம் கத்தியின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஏழாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டதால் விலை மிக அதிகம். 1942-இல் வந்த இரண்டாம் வகையில் கைக்காப்பு நேரானது, தட்டைப் பகுதி மறைந்தது. இவ்விரண்டிலும் கைப்பிடி பித்தளையைக் கடைந்து சொரசொரப்பாக்கியது. மூன்றாம் வகையில் வளையம் வளையமாக வரிகள் கொண்ட வார்ப்புக் கைப்பிடி வந்தது. செய்வதற்கு எளிது, செலவும் குறைவு. அமெரிக்காவின் வி-42 கத்தி இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் அலகில் கட்டைவிரல் பதிய ஒரு வரிப்பள்ளம் இருக்கும்.

மூன்றாம் வகை போருக்குப் பின்னும் பல பட்டறைகளில் தொடர்ந்து செய்யப்பட்டது. அவற்றைப் போர்க்காலத்தவை என்று விற்பது பரவலான ஏமாற்று. கைக்காப்பில் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் குத்தியிருந்தால் அது பெரும்பாலும் பிற்கால ஏற்றுமதிச் சரக்கு. அரசு உடைமையைக் காட்டும் அம்புக்குறியை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. புதிதாகக் குத்துவது கடினமல்ல. குத்திய பள்ளத்துக்குள் உலோகத்தின் நிறம் சுற்றுப்புறத்தோடு ஒத்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய குறியின் உள்ளும் வெளியும் ஒரே அளவுக்கு மங்கியிருக்கும்.

உறையும் அதே கவனத்துக்கு உரியது. தோலுறையின் இருபுறமும் சீருடையோடு சேர்த்துத் தைப்பதற்கான சிறு காதுகள் இருந்தன. இடுப்புவாரில் அணிந்த வீரர்கள் பலர் அவற்றை வெட்டி எறிந்தார்கள். காதுகள் நான்கும் நிலைத்த உறை கிடைத்தால் மதிப்பு கூடும். ஆனால் வெட்டிய உறையும், களத்தில் ஒடிந்து மீண்டும் தீட்டிய முனையும் கத்தி பட்ட பாட்டைச் சொல்பவை. அவற்றைக் குறை என்று ஒதுக்குவது தவறு.

பெருங்கேடு பாலிஷ்தான். கருமைப் பூச்சையும் பழுப்பையும் ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது. துருவை மெல்லிய எண்ணெயால் தணித்து, அலகில் மெழுகு பூசுவது போதும். தோலில் உள்ள பதனிடு பொருள் எஃகில் துருவையும் பித்தளையில் பச்சைக் களிம்பையும் உண்டாக்குவதால், கத்தியையும் உறையையும் தனித்தனியே, ஈரமில்லாத இடத்தில் வைப்பது வழக்கம்.