பாளையக்காரர் நாயும் காலடிப்பேட்டை வாசலும்

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும் சங்கராசாரியார் பிறந்த காலடியோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. பெருமாளின் திருவடி பட்ட இடம் என்று பக்தியோடு சொல்லுகிறவர்களும் உண்டு. வாஸ்தவத்தில் அது ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர். 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்தில் கும்பினியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர், திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியேற்றி ஒரு பேட்டையை உண்டாக்கினார். காலெட்பேட்டை நம் நாக்கில் உருண்டு உருண்டு காலடிப்பேட்டையாயிற்று.

கும்பினிக்குத் துணி வேண்டும். துணிக்கு நெசவாளி வேண்டும். ஆனால் நெசவாளியைச் சும்மா கொண்டு வந்து இறக்கிவிட முடியாது. தறி போட வீடு வேண்டும், பாவு நீட்ட நீளமான வீதி வேண்டும், கும்பிடக் கோயில் வேண்டும். முதலில் இடம், பிறகு ஆள். வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இன்றைக்கு நாய் வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

நாய்ப் பேச்சு திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஓர் இளைஞன் இருக்கிறான். துறைமுகத்துப் பக்கம் ஷிப்டு வேலை. ஒரு நாள் மாலை என்னிடம் வந்து, "சார், ராஜபாளையம் குட்டி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க சரித்திரமெல்லாம் படிக்கிறவரு. அது ராஜா வீட்டு நாய்தானே?" என்று கேட்டான்.

ராஜா வீட்டு நாய்தான், சந்தேகமில்லை. "அந்த ராஜா வீட்டுக் கொல்லை எவ்வளவு பெரிசு என்று விசாரித்தாயா, தம்பி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொஞ்சம் சரித்திரத்தைப் புரட்டினேன்.

தமிழ்நாட்டில் நாய்க்கு இருக்கிற மரியாதை பழமையானது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டுச் சமாசாரம். கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளின் பொருட்டு நேர்ந்த சண்டையில் மடிந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது. வீரனோடு நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் கல்லில் வெட்டினார்கள்: கோவிவன். அந்தக் காலத்துச் சாமானிய மனிதர்கள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

இன்னொரு கதை இதைவிட ரசமானது. பத்தாம் நூற்றாண்டின் நடுவில், அரக்கோணத்துக்கு அருகே உள்ள தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். அவனை வீழ்த்திய கங்க மன்னன் பூதுகன், போரில் கூட நின்ற மணலேரன் என்ற வீரனுக்கு வெகுமதி கொடுக்க விரும்பி, என்ன வேண்டும் என்று கேட்டான். மணலேரன் கேட்டது அரசனுடைய காளி என்ற வேட்டை நாயை! பிறகு ஒரு நாள் அந்தக் காளி பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. அதற்கும் கல் நட்டு, அந்தக் கல்லுக்குப் பூஜை நடக்க நிலமும் விட்டார்கள். கர்நாடகத்தில் ஆதகூரில் கிடைத்த அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோவிவனுக்கு எருமை மந்தை இருந்தது, காளிக்குப் பன்றிக் காடு இருந்தது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உழைப்பு இல்லாத நாய்க்கு யாரும் கல் நடவில்லை.

இனி பாளையக்காரர்களிடம் வருவோம். தெற்கே சேற்றூர், சிவகிரி, பாஞ்சாலங்குறிச்சி என்று பாளையங்கள் இருந்த சீமையில் உருவானவைதான் இன்று நாம் பெருமையோடு பேசுகிற நாய்கள். வெள்ளைக்காரர்கள் இவற்றைப் பாளையக்காரர் நாய் என்றே சொன்னார்கள். இராஜபாளையம் வெள்ளை வெளேரென்று, ரோஜா நிற மூக்கோடு, இரண்டடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். சிப்பிப்பாறை ஒல்லி உடம்பு. வாயு வேகத்தில் முயலைத் துரத்தும். கம்பம் பள்ளத்தாக்கின் கோம்பை செம்பழுப்பு நிறம், கறுத்த முகம், பன்றிக்கு அஞ்சாத நெஞ்சு. கும்பினிப் படையின் குதிரைகளை இராஜபாளையம் நாய்கள் பாய்ந்து குதறின என்று ஒரு கதையும் தெற்கே உலாவுகிறது. அது செவிவழிக் கதை. ஆனால் அந்த நாயை நேரில் பார்த்தவர்கள் அதை நம்பத் தயங்கமாட்டார்கள்.

1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டார்: கோட்டைகள் இடிபட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். நாய்களை ஒப்படைக்கும்படி அவர் சொல்லவில்லை. ஆனால் கோட்டை போனதும் கோட்டை காத்த நாய்க்குப் பாதி வேலை போயிற்று. மிச்சமிருந்தது வேட்டை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதையும் முடித்தது. அது நல்ல சட்டம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஓடுவதற்காகவும் பாய்வதற்காகவும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு, சட்டம் வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே திண்ணையில் சுருண்டு படுத்துக்கொள்ளுமா? அந்த ரத்தம் அப்படியேதான் இருக்கிறது. தோப்பும் பண்ணையும் உள்ளவர்களிடம் காவல் உத்தியோகம் கிடைத்த நாய்கள் பாக்கியசாலிகள்.

2005 ஜனவரியில் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. இராஜபாளையம் அவற்றில் ஒன்று. 2017இல் தியடோர் பாஸ்கரன் நம் நாட்டு நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கௌரவம் திரும்பி வந்தது. கூடவே நாகரிக மோகமும் வந்தது. வந்த இடம் சென்னை.

இடம் பொருந்தாத நாயைக் கொண்டு வந்து கஷ்டப்படுவதில் நமக்கு முன்னோடிகள் துரைமார்கள். சீமையிலிருந்து நரி வேட்டை நாய்களைக் கப்பலில் ஏற்றித் தருவித்தார்கள். வெயிலும் நோயும் அவற்றை வாரிக்கொண்டு போயின. 1848இல் இலங்கை நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் ஒரு கூட்டம் நாய்களோடு வந்தார். அவ்வளவு குளிர்ந்த மலையிலேயே அவை தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியில் கலப்பு ஜாதிகளை வளர்த்துத்தான் அவர் வேட்டையாடினார். நம்மூர்க்காரர்களோ இன்றைக்கும் பனி நாட்டு ஹஸ்கியை வாங்கி வந்து, மின்விசிறிக்கு நேராக உட்கார வைத்துப் போட்டோ பிடிக்கிறார்கள்.

அந்த இளைஞனின் வீட்டுக்கு வருகிறேன். மாடியில் இரண்டு அறை. வயதான தாயார், மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை. கீழே இரண்டு குடித்தனம்; மூன்றுக்கும் ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்க் குழாய். காலையில் பால்காரர், பிறகு பூக்காரி, காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், கீழ் வீட்டுப் பிள்ளைகள் என்று வாசல் ஓயாது. இராஜபாளையம் நாய் ஓர் எஜமானனைத்தான் மனத்தில் வரித்துக்கொள்ளும். அந்நியர்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்த எஜமானனோ ஒரு வாரம் பகலில் வீட்டில் இல்லை, மறு வாரம் பகலெல்லாம் தூங்குகிறான். அப்படியானால் நாள் முழுவதும் நாயோடு இருக்கப்போகிறவர் முழங்கால் வலிக்காரத் தாயார்! இழுத்துக்கொண்டு ஓடுகிற நாயின் கயிற்றை அந்த அம்மாள் எந்தக் கையால் பிடிப்பாள்? காலையும் மாலையும் ஓட அதற்கு வெளி வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலா ஓடவிடுவது?

2024 மார்ச்சில் மத்திய அரசாங்கம் இருபத்துமூன்று அயல்நாட்டு ஜாதிகளுக்குத் தடை சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ரோட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. ஊரே கொதித்தது. எந்த ஜாதியைத் தடுப்பது என்று பட்டிமன்றம் நடந்தது. எந்த வீட்டுக்கு எந்த நாய் என்ற பேச்சு மட்டும் எழவில்லை. நம் இராஜபாளையம் அந்தப் பட்டியலில் இல்லை என்பது ஒரு தைரியமா? குழந்தைக்குப் பட்டியல் தெரியுமா?

இவ்வளவையும் அவனிடம் சொன்னேன். "அப்ப வேணாம்ங்கறீங்களா, சார்?" என்றான். அவன் முகம் வாடிவிட்டது. வேண்டாம் என்றுதான் சொன்னேன். வயற்காட்டுப் பக்கம் வீடு கட்டிப் போகிற நாளில் வாங்கு; இப்போது நாய்தான் வேண்டுமென்றால், தெருக்கோடியில் பிறந்து கிடக்கிற குட்டிகளில் ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு, மாநகராட்சியில் உரிமம் வாங்கி வளர்த்துப் பார் என்றேன். இந்தத் தெருவின் பால்காரரையும் பூக்காரியையும் அதன் தாய் அதற்கு முன்பே அறிமுகம் செய்து வைத்திருப்பாள்.

அவன் எதற்கும் குட்டியைப் போய்ப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பதாகச் சொன்னான். சரி, பார்க்கப் போகிறவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கட்டும் என்று மேலும் சொன்னேன். பால் வெள்ளையும் ரோஜா மூக்கும் வேண்டுமென்று வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க, வளர்க்கிறவர்கள் அந்த நிறத்தையே திரும்பத் திரும்பச் சேர்த்து வைத்தார்கள். வேறு நிறத்தில் பிறந்தவை கழிக்கப்பட்டன. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. செவிட்டு நாய் கூப்பிட்டால் வராது. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். ஆகையால் குட்டிகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது, அவை பார்க்காதபடி பின்னால் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டு. எது திரும்பிப் பார்க்கவில்லை என்று கவனி. விற்கிறவர், 'அது ரொம்ப சாது' என்று சொல்லுவார்.