பூனைக்காலியும் டர்னேராவும்: நிரையோரத்தில் ஓர் உறவு

மலேசியாவில் ரந்தாவ் பக்கமோ பகாவ் பக்கமோ செம்பனைத் தோட்டத்து மண்சாலைகளில் இரண்டு செடிகளை அருகருகே காணலாம். ஒன்று வேலியிலும் வடிகால் ஓரத்திலும் படரும் சிறுபூனைக்காலி. மற்றொன்று நிரையோரமாக நிமிர்ந்து நிற்கும் டர்னேரா. மலாய்க்காரர்கள் அதை 'புங்கா புக்குல் லாப்பான்' என்பார்கள். முன்னதை மருந்தடித்து அழிக்கிறார்கள், பின்னதை நிர்வாகமே வரிசை பிடித்து நடுகிறது. தாவரவியலோ இரண்டையும் இன்று பாசிஃப்ளோரேசியே என்னும் ஒரே குடும்பத்தில் வைத்திருக்கிறது.

லின்னேயஸ் 1753இல் இவற்றை வெகு தொலைவில் பிரித்து வைத்தார். இரண்டு பூவிலும் மகரந்தத் தாள்கள் ஐந்து, சூல்தண்டுகள் மூன்று. எண் ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. டர்னேராவில் தாள்கள் பூவின் அடிப்பகுதியிலிருந்தே எழுகின்றன. பூனைக்காலியிலோ நடுவில் ஒரு தூண் எழும்பி, தாள்களையும் சூலகத்தையும் ஒன்றாகத் தூக்கிப் பிடிக்கிறது. அந்தத் தூணைக் கொண்டே லின்னேயஸ் அதை வேறு வகுப்பில் சேர்த்தார். அவர் எண்ணியதில் பிழையில்லை. அவர் பார்க்காத இடங்களில்தான் உறவு இருந்தது.

தோட்டக்காரர்கள் டர்னேராவை விரும்பும் காரணமே அந்த உறவுக்கு ஒரு சாட்சி. செம்பனை ஓலையை அரித்துத் தின்னும் பைப்புழுவுக்கு எதிரிகளான சிறு குளவிகள் தேனுக்காக இச்செடியை நாடி வருகின்றன. தேன் பூவில் மட்டுமா இருக்கிறது? இலைக்காம்பின் உச்சியிலும் சிறு கிண்ணம் போன்ற இரண்டு சுரப்பிகள் உண்டு. வீட்டுக் கொல்லையில் பந்தலேறும் மர்கிசாக் கொடியைப் புரட்டிப் பாருங்கள்: பூனைக்காலியின் அந்த உடன்பிறப்பிலும் அதே இடத்தில் ஒரு ஜோடி சுரப்பிகள் இருக்கும்.

பூனைக்காலியில் அந்த ஜோடி இல்லை. அதற்கு ஈடாக, காயைச் சுற்றிய வலைபோன்ற பூவடிச் செதில்களில் பிசுபிசுப்பான சுரப்பி மயிர்கள் இருக்கின்றன. சிறு பூச்சிகள் அதில் ஒட்டிச் சாகின்றன. செரிமான நொதிகள் அங்கே சுரப்பதை இந்திய ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள். ஆக, டர்னேரா பூச்சியை விருந்துக்கு அழைக்கிறது, பூனைக்காலி பொறி வைக்கிறது. இந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

ஆனால் இலைக்குள் போனால் வேறுபாடு கரைகிறது. சயனைடு வெளியிடும் ஓர் அரிய வகைச் சேர்மம் இரண்டு குலங்களிலும் உண்டு. கரும்புள்ளியிட்ட செம்பழுப்புச் சிறகுள்ள அக்ரேயா வண்ணத்துப்பூச்சி அந்த நஞ்சுக்கு அஞ்சுவதில்லை. அதன் புழுக்கள் பூனைக்காலியையும் தின்னும், டர்னேராவையும் தின்னும். இந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். தாய்லாந்து வழியாகத் தீபகற்ப மலேசியாவுக்கு இறங்கி, 2006இல் சிங்கப்பூரையும் 2012இல் ஆஸ்திரேலியாவையும் எட்டியது. அது உண்ணும் செடிகளோ இரண்டும் அமெரிக்க வெப்பமண்டலத்தவை. மரபணு வரிசைகளைப் பார்த்து அறிஞர்கள் சொன்னதை இந்தப் புழு வாயால் முன்பே தேர்ந்திருந்தது.

ஏபிஜி எனப்படும் வகைப்பாட்டுக் குழு அதுவரை தனித்தனியாக இருந்த இவ்விரு செடிகளின் குடும்பங்களையும் விரும்பினால் இணைக்கலாம் என்று 2003இல் சொன்னது. 2009இல் இணைத்தே விட்டது. பிரித்து வைப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. டர்னேரா குலம் தன்னளவில் ஒரே கிளைதான், தனிக் குடும்பமாக வைத்தாலும் வம்சவரிசை குலையாது. நான் இணைப்பின் பக்கமே நிற்கிறேன். பூனைக்காலிப் பூவின் அடையாளமான கதிர்வளையம், அதாவது இதழ்களுக்கு உள்ளே சுற்றி நிற்கும் இழை வட்டம், டர்னேராவில் இல்லாவிட்டாலும், அதன் நெருங்கிய உறவான பிரிக்கெட்டாவில் சிறிய அளவில் தென்படுகிறது. இரண்டையும் இணைக்கும் இந்தப் பாலத்தை ஒதுக்க மனம் வரவில்லை.

விதையில் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருங்கே வருகின்றன. இரண்டின் விதையிலும் சதைப்போர்வை உண்டு. பூனைக்காலியில் அது இனிக்கும் சாறாகி, தோட்டத்துப் பிள்ளைகளையும் பறவைகளையும் இழுக்கிறது. டர்னேராவில் அது எறும்புக்கான சிறு கொழுப்புத் துண்டு. பறவை வயிற்றில் போகும் விதை நிரைகளைத் தாண்டி விழும். எறும்பு இழுக்கும் விதை தாய்ச்செடியை விட்டு அதிகம் நகராது. பால்மரக் காலத்தில் மண் அரிக்காமலிருக்க மூடாக்குக் கொடியாக மலாயாவில் வளர்க்கப்பட்ட பூனைக்காலி, இன்று களையாக எங்கும் முளைப்பதற்கும் டர்னேரா நட்ட வரிசையை ஒட்டியே பெருகுவதற்கும் இந்த வேறுபாடும் ஒரு காரணம்.