கண்ணிழந்தவர் கண்ட தேன்கூடு

மாணவர்களே, நூல் நிலையத்திற்குச் செல்லும் இளைஞர் பலர் கைக்கு அகப்பட்ட நூலை எடுத்துப் படிக்கின்றனர். அது தவறன்று. எனினும், ஒரே பொருளைப் பற்றிப் பல காலங்களில் எழுந்த நூல்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். தனி நூல் எதுவும் தராத ஒரு வரலாறு கிட்டும். தேனீயையே எடுத்துக்கொள்வோம்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டினரான அரிஸ்டாட்டில், கூட்டின் தலைமைத் தேனீயை அரசன் என்றே வழங்கினார். உரோமக் கவிஞர் வெர்ஜிலும் அவ்வாறே பாடினார். மாண்ட காளையின் உடலிலிருந்து தேனீக்கள் தோன்றும் என்றும் எழுதினார். பெரியோர் வாக்கென்று உலகம் நெடுங்காலம் அதனை நம்பியது. 1609-இல் சார்லஸ் பட்லர் என்னும் ஆங்கிலப் பாதிரியார் தம் நூலுக்குப் 'பெண்ணரசு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பின்னர், டச்சு அறிஞர் சுவாமர்தாம் அவ்'வரசனை' அறுத்து நோக்கி, உள்ளே சினைப்பையைக் கண்டார். அவர் 1680-இல் மறைந்தார். அவர்தம் பெருநூல் அச்சேறத் தொடங்கியதோ 1737-இல். நல்ல நூல்களுக்கும் இக்கதி நேர்வதுண்டு.

ஆயினும், ஆண் தேனீயின் மணம் பட்டாலே இராணி கருவுறும் என்று சுவாமர்தாமே பிழையாகக் கருதினார். அதனைத் திருத்தியவர் ஜினீவா நகரத்துப் பிரான்சுவா ஹூபர். அவர் இளமையிலேயே பார்வை மங்கப் பெற்று, பின் முற்றும் இழந்தவர். பர்னென்ஸ் என்னும் வேலையாள், பிரெஞ்சு அறிஞர் ரியோமூரின் நூலை அவருக்கு வாசித்துக் காட்டுவார். ஹூபர் கேட்டதோடு அமையவில்லை. அந்நூலிற் கண்ட சோதனைகளை மீண்டும் செய்து பார்க்கச் சொன்னார். அதன் பொருட்டு அவர் அமைத்த கூடு வியப்புக்குரியது. ஒவ்வொரு தேனடையும் தனித்தனிச் சட்டத்தில் நிற்கும். சட்டங்களைப் புத்தகத்தின் ஏடுகளைப் போல் ஒவ்வொன்றாகப் புரட்டலாம். ஏட்டை வாசித்துக் காட்டிய அதே இளைஞர் கூட்டையும் வாசித்துக் காட்டினார்! ஒருமுறை, தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சோதிக்க அவருக்கு 11 நாட்கள் ஆயின. கொட்டுக்கு அவர் அஞ்சவில்லை.

கூட்டினுள் அடைபட்ட இராணி கருவுறவில்லை. வெளியே பறந்து மீண்ட இராணியே கருவுற்றது. இவ்வுண்மையைத் தாங்கிய ஹூபரின் நூல் 1792-இல் வெளிவந்தது. அதில் பர்னென்சின் உழைப்பை அவர் மறைக்கவில்லை.

"புத்தகத்தில் இருக்கிறது, எழுதிக்கொள்" என்று வகுப்பறையில் எத்தனையோ முறை நான் சொல்லியிருக்கிறேன். ஐயம் எழுப்பிய மாணவனை உட்காரவும் வைத்திருக்கிறேன். பர்னென்சை நினைக்கும்போது இன்று நாணமாக இருக்கிறது.

அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் ஹூபரின் கூட்டைக் கையாண்டு பார்த்தவர். 1851-இல் அவர் தேனீக்கள் அடைக்காமல் விட்டுவைக்கும் இடைவெளியின் அளவைக் கண்டு, எளிதில் எடுக்கத்தக்க சட்டங்களை அமைத்தார். 1853-இல் அதனை நூலாகவும் எழுதினார். இந்நூல்களுள் முதலில் எதனைப் படிப்பது என்று கேட்பீர்களாயின், ஹூபரிலிருந்து தொடங்குங்கள். அரிஸ்டாட்டிலிடம் பிறகு திரும்பலாம்.