ஷுல்ட்

காஃப்காவின் 'உருமாற்றம்' கதையை நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். கிரெகர் ஸாம்ஸா பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், அவன் முதலாளியிடம் பெற்றோர் பட்ட கடன். அதை அடைக்க இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும் என்று கணக்குப் போடுகிறான். நான் வங்கி குமாஸ்தா. கணக்கு புரிந்துவிட்டது, மேலே போய்விட்டேன். 1915-ல் வெளியான மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'ஷுல்ட்' என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஜெர்மனில் ஷுல்ட் என்றால் கடன். குற்றம் என்றும் பொருள். பணக்கடனைப் பெரும்பாலும் பன்மையில் 'ஷுல்டன்' என்பார்கள். காஃப்கா ஒருமையில் எழுதியிருக்கிறார். பெற்றோர் பட்ட கடன், பெற்றோர் செய்த குற்றம் என்று இரண்டாகவும் அந்தத் தொடரைப் படிக்கலாம். ஆங்கிலத்தால் ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது.

டச்சிலும் ஸ்வீடிஷிலும் இச்சொல்லின் உறவுச் சொற்கள் இரண்டு பொருளையும் இன்றும் தாங்குகின்றன. டேனிஷ் குற்றத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, கடனுக்கு வேறு சொல்லை எடுத்துக்கொண்டது. பழைய ஆங்கிலத்திலும் 'ஸ்கில்ட்' என்று குற்றத்தைக் குறிக்கும் சொல் இருந்து வழக்கொழிந்தது. பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல் 'டெட்' கடனுக்கு, பழைய ஆங்கிலச் சொல்லே ஆன 'கில்ட்' குற்றத்துக்கு என்று பாகப்பிரிவினை ஆயிற்று. மூல வேரின் மிச்சம் 'ஷல்', 'ஷுட்' என்ற துணைவினைகளில் ஒளிந்திருக்கிறது. ஜெர்மன் பேரேட்டில் பற்றுப் பத்தியின் தலைப்பான 'ஸோல்' அதே வேர்தான். 'செய்தாக வேண்டும்' என்பது அதன் அர்த்தம்.

இந்தப் பிரிவினையின் விளைவை ஏசு கற்பித்த ஜெபத்தில் பார்க்கலாம். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் மன்னிக்கக் கேட்பது கடன்களை. லூதர் 1522-ல் ஷுல்ட் என்றே போட்டார். அவருக்குச் சிக்கல் இல்லை. டிண்டேல் 1526-ல் 'அத்துமீறல்கள்' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார். 1611-ன் ஜேம்ஸ் அரசர் பதிப்பு கடன்களுக்குத் திரும்பியது. ஆனால் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அத்துமீறலே நிலைத்தது. அதை உச்சரிப்பவன் எல்லை தாண்டியவன். ஜெர்மன்காரனோ பாக்கி வைத்திருப்பவன். 1887-ல் நீட்ஷே, குற்றம் என்ற ஒழுக்கக் கருத்தே கடன் கொடுத்தவன், பட்டவன் உறவிலிருந்து பிறந்தது என்று வாதிட்டபோது, அவர் பிடித்துக்கொண்டதும் இச்சொல்லைத்தான்.

காஃப்காவின் குற்றவுணர்வு பற்றி நம் சிற்றேடுகளில் நிறைய எழுதியாகிவிட்டது. அது ஏதோ மனமூட்டம் என்பதுபோல் எழுதினோம், நானும் எழுதினேன். ஆங்கிலம் கொடுத்த பாதியை முழுசென்று நம்பியதன் பலன். தமிழிலும் இது எளிதல்ல. நம் 'கடன்' கடமையின் பக்கம் சாய்கிறது, குற்றத்தின் பக்கம் போவதில்லை.

கதையில் பிற்பாடு ஒரு விஷயம் வெளியாகிறது. அப்பாவிடம் பணம் இருந்திருக்கிறது; மகன் கொடுத்ததிலும் மிச்சம் பிடித்திருக்கிறார். அதைக் கொண்டு கடனை முன்பே குறைத்திருக்கலாம். கிரெகர் அதற்கும் சமாதானம் சொல்லிக்கொள்கிறான். இந்த இடத்துக்கு வந்தபிறகு, பெற்றோரின் ஷுல்ட் என்பதை வெறும் கடன் என்று என்னால் படிக்க முடியவில்லை.