தள்ளிப்போன கல்யாணத்தின் ஊர்

சென்னையின் மேற்கு ஓரத்து ஊரான மாங்காட்டின் தலபுராணத்தைக் கல்யாணக் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். நிதானமாகக் கேட்டால் அது கல்யாணம் நடக்காமல் போன கதை. கயிலாயத்தில் விளையாட்டாக ஈசனின் கண்களைப் பொத்தினாள் அம்பிகை. உலகம் இருண்டது. அந்தப் பிழைக்குக் கழுவாயாக மாமரக் காட்டுக்கு வந்து, ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தாள். அதே இடத்தில், மகாபலியின் தானத்தைத் தடுக்கப்போய் ஒரு கண்ணை இழந்த சுக்கிரனும் தவத்தில் இருந்தான். ஈசன் வந்தார், ஆனால் சுக்கிரனுக்காக வந்தார். அம்பிகைக்குக் கிடைத்தது, காஞ்சிக்குப் போய்த் தவத்தைத் தொடரும்படி ஓர் உத்தரவு. தங்கையின் கல்யாணத்துக்குக் கணையாழியோடு சீர் கொண்டுவந்த பெருமாள் அங்கேயே தங்கிவிட்டார். காமாட்சி அம்மன், வெள்ளீஸ்வரர், வைகுண்டப் பெருமாள் என மூன்று கோயில்களும் இன்றும் அந்தக் கதையின் சாட்சிகளாக மாங்காட்டில் நிற்கின்றன. திருமணம் மட்டும் காஞ்சியில். அம்பிகை அணைக்காமல் விட்டுப்போன தீயின் வெம்மையில் ஊர்மக்கள் வாடினார்கள் என்றும், ஆதிசங்கரர் அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தை நிறுவி அதைத் தணித்தார் என்றும் கதை மேலும் நீள்கிறது. அம்பிகைக்கே காரியம் தாமதப்பட்ட ஊர் இது. அந்தத் தாமதத்தின் சூடு அக்கம்பக்கத்து எளிய ஜனங்கள் மேலும் விழுந்தது என்பதைப் புராணமே மறைக்காமல் சொல்கிறது.

வரன் அமையாதவர்களும் பிள்ளைப்பேறு தள்ளிப்போனவர்களும் வேலைக்கு அலைபவர்களும் ஏன் இந்த ஊரைத் தேடி வருகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. ஆறு வாரம் தொடர்ந்து ஒரே கிழமையில் வரவேண்டும் என்பது இங்குள்ள வேண்டுதல். அம்மன் பாதத்தில் வைத்துக் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வீட்டில் வைத்துப் பூஜித்து, அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரே நாளில் வந்து கேட்டுவிட்டுப் போகிற வேண்டுதல் அல்ல அது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவே இருக்கிற ஆறு நாளையும் சேர்த்ததுதான் வழிபாடு. போட்டோவின் வரலாறும் இந்தக் காத்திருப்பின் வழியாகத்தான் இப்படிப்பட்ட ஊர்களுக்குள் நுழைந்தது என்பது என் வாதம். சிற்றூர் மக்கள் நடந்துமுடிந்த மகிழ்ச்சியைப் பத்திரப்படுத்த மட்டும் படம் எடுத்துக்கொண்டதாகவும், சாமி படத்தை அலங்காரத்துக்காக மாட்டியதாகவும் எழுதப்படும் வரலாறு பாதிதான். இன்னும் நடக்காத ஒன்றுக்காக, போக முடியாத இடத்துக்காக, திரும்பி வராத ஆளுக்காகப் படத்தைக் கையில் எடுத்தவர்களே அதிகம்.

தமிழ்நாட்டில் கேமராவின் தொடக்கம் இதற்கு நேர் எதிரானது. 1839இல் பாரிசில் டாகுவேர் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டது. 1850களிலேயே சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைத்தொழில் பள்ளியில் புகைப்படம் கற்றுத்தரப்பட்டது. 1856இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 இறுதியிலும் 1858இலும் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அந்த உழைப்பை இன்று பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் கோபுரமும் மண்டபமும் எழுத்தும் இருக்கின்றன. கும்பிட வந்தவர் பெரும்பாலும் இல்லை. கோயில் அங்கே பதிவுசெய்ய வேண்டிய சொத்து. ஆளுநர் டிரெவல்யன் வந்ததும் இது வீண் ஆடம்பரச் செலவு என்று நிறுத்தினார். அரசாங்கக் கேமரா அதோடு கோயில் வாசலிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்குள் படம் வந்தது வேறு பாதையில்.

அந்தப் பாதை அச்சுக்கூடம். 1894இல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியபின் கல் அச்சில் தெய்வப் படங்கள் ஊர் ஊராகப் பரவின. தமிழ்நாட்டில் அதைத் தனக்கென ஒரு முகமாக மாற்றியவர் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு. சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். 1940களில் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் நிலைகொண்டவர். நாடகத் திரையும் போட்டோவும் சாமி படமும் ஒரே கைகளிடம் இருந்ததை அவருடைய படங்களின் முன்பக்கம் பார்க்கும் முகங்களும் பின்னணித் திரையும் காட்டிக்கொடுக்கும். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்தவை சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி, மளிகைக்கடை பெயரோடும் நகைக்கடை பெயரோடும் தமிழர் வீட்டுச் சுவருக்கு வந்தன. மாங்காட்டுக்கு இந்தப் படம் மற்ற ஊர்களைவிட அதிகம் தேவைப்பட்டது. காரணம் கருவறையிலேயே இருக்கிறது. அங்கே முதன்மையான வழிபாடு ஸ்ரீசக்கரத்துக்கு. எட்டு மூலிகைகளால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். முக்கோணங்களால் ஆன அந்த வடிவத்தைத் தியானிக்கத் தெரிந்தவர் சிலர். தீக்கு நடுவே ஒற்றைக் காலில், ஜபமாலை ஏந்திய கையோடு நிற்கும் தபசுக் காமாட்சியை அடையாளம் கண்டு உருகத் தெரிந்தவர் எல்லோரும். சன்னதித் தெருக் கடையில் கண்ணாடி போட்டு விற்கிற படம் இந்த அம்பிகையைத்தான் வீட்டுக்கு அனுப்புகிறது.

அந்த வீடுகள் யாருடையவை என்பதையும் பார்க்க வேண்டும். 1950களிலிருந்து அம்பத்தூரில் சைக்கிள் ஆலையும் டயர் ஆலையும், 1960களில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. சென்னையின் மேற்கு ஓரம் முழுக்கத் தென்மாவட்டங்களிலிருந்தும் வடாற்காட்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் குடியேறினார்கள். குலதெய்வம் ஒரு ராத்திரிப் பஸ் பயணத் தூரத்தில் தங்கிவிட்டது. ஷிப்டு முறை வாழ்க்கையில் வெள்ளிக்கிழமை லீவு என்பது தானாக வராது. கோயிலுக்குப் போக முடியாத நாளில் அலமாரியின் மேல்தட்டுப் படம்தான் கோயில். வெள்ளிதோறும் கண்ணாடியைத் துடைத்து, அம்மனின் நெற்றி எங்கே என்று பார்த்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். ஆண்டுகள் போகப்போகப் பொட்டு விழுந்த இடத்தில் கண்ணாடி மங்கலாகி, காகித நெற்றியும் கண்ணாடி நெற்றியும் கொஞ்சம் விலகித் தெரியும். அந்த மங்கல் ஒரு குடும்பம் எத்தனை வெள்ளி காத்திருந்தது என்பதற்கான ஆவணம். கல்வெட்டைப் படி எடுக்கிற அக்கறையோடு யாரும் இதைப் படி எடுத்ததில்லை.

இதற்கு ஆகமம் அறிந்தவர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது. பிரதிஷ்டை செய்த மூர்த்தியில்தான் சாந்நித்தியம். ஆயிரக்கணக்கில் அச்சடித்த தாளில் ஏது? காலண்டர் வியாபாரம் பக்தியை மலிவாக்கிவிட்டது என்று கலை ரசிகர்கள் வேறு பக்கத்திலிருந்து சொல்வார்கள். முதல் மறுப்பை மறுக்க வேண்டியதே இல்லை. படத்தைக் கும்பிடுகிறவரும் அதை மூலவர் என்று நினைப்பதில்லை. அதனால்தான் ஆறு வாரமும் பஸ் ஏறி வருகிறார். படம் இரண்டு வருகைக்கு நடுவேயுள்ள நாட்களைத் தாங்குகிறது, எலுமிச்சம்பழம் தாங்குவது போலவே. இரண்டாவது மறுப்பு பாதிதான் உண்மை. விற்றவருக்கு அது சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் ஒரு காலத்தில் பல சாதியினருக்குக் கோயில் வாசலே மூடியிருந்தது. 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டத்துக்கு முன்பே அம்மனை எந்த வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த மலிவு அச்சால் முடிந்தது. விலை குறைவு என்பதை இகழ்ச்சியாகப் பேசுகிறவர்கள் அந்த வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வேண்டுதலுக்கு வருகிறவர் கையில் இன்னொரு படமும் உண்டு. ஜாதகத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பெண்ணின் போட்டோ. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த சமூகம், வரன் பார்க்கும் காரியத்துக்காகத்தான் அந்தப் பயத்தை முதலில் ஒதுக்கிவைத்தது என்று நினைக்கிறேன். கறுப்பு வெள்ளைக் காலத்தில் பூந்தமல்லி, குன்றத்தூர் அளவுள்ள ஊர்களின் ஸ்டுடியோக்களுக்கு இதுவே சோறு போட்ட வேலைகளில் ஒன்று. படம் பிடிப்பதைவிட டச்சிங்கில்தான் தொழில் இருந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, பென்சில் பிடிக்கும்படி மேலே லேசாக வார்னிஷ் தேய்த்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் கன்னத்திலும் கண்ணடியிலும் புள்ளி புள்ளியாகத் தொடுவார்கள். நெகட்டிவில் கறுப்பாக ஏறியது பிரிண்டில் வெளுப்பாக இறங்கும். அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் மறையும், நிறமும் ஒரு படி கூடும்.

இதைப் பக்தியோடு சேர்த்துப் பேசுவது பெண்களுக்கு நடந்த கொடுமையை அழகுபடுத்துவதாகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. நிறத்துக்கும் தழும்புக்கும் விலை போட்ட சந்தையில் அந்தப் படம் ஒரு சரக்குச் சீட்டாகவே சுற்றியது. மறுக்கப்பட்டுத் திரும்பி வந்த போட்டோவை உறையிலிருந்து எடுத்த பெண்ணின் அவமானத்தை எந்த ஸ்தல மகிமையும் ஈடுசெய்யாது. வேண்டுதலின் பாரமும் பெரும்பாலும் அவள் தலையிலேயே விழுந்தது. வரன் தட்டிப்போனால் தோஷம் அவளுடையது என்றார்கள். வரதட்சணை கேட்டவரின் பேராசைக்கு யாரும் பரிகாரம் சொல்லவில்லை. ஆனால் இதே காரணத்தால்தான் அந்தப் படங்கள் வரலாற்றுக்கு வேண்டும். கோயில் தரப்பில் நிறைவேறிய வேண்டுதல்கள்தான் பேசப்படும். தட்டிப்போன வரன்களுக்கும் தாண்டிப்போன வயதுக்கும் எழுத்துச் சான்று கிடையாது. ஒரே பெண்ணின் முகம் ஒரு ஸ்டுடியோவின் நெகட்டிவ் பெட்டியில் ஆண்டுக்கொன்றாக இருந்தால், அது அந்தக் காத்திருப்பின் நேரடிச் சான்று. பென்சில் புள்ளிகளை இன்றும் நெகட்டிவில் பார்க்க முடியும். அவளிடம் எதைக் குறையாகக் கண்டது அந்தக் காலம் என்பதை அவை ஒளிக்காமல் சொல்லும்.

மற்ற இழப்புகளும் இப்படியே ஸ்டுடியோவுக்கு வந்தன. உயிரோடிருக்கையில் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளாத கிழவர் இறந்ததும், எப்போதோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவர் முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, பதினாறாம் நாளுக்குள் சட்டம் போட்டுத் தரச்சொல்லி வந்தார்கள். 1967இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ பிலிமைத் தயாரிக்கத் தொடங்கியபின் உள்நாட்டுச் சுருளும் தாளும் கிடைத்தன. அப்படியும், 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தபோது, அதுவரை கேமராவைப் பார்த்திராத பலருக்கு அதுவே முதல் படமானது. சிலருக்கு அந்த அட்டை முகமே மாலை போட்ட படமாகவும் ஆனது.

இப்போது கேமரா எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. கோயில் அதை வாசலில் நிறுத்துகிறது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. படத்தை இவ்வளவு பேணிய பக்தர்களுக்கு இது முரண் அல்லவா? அல்ல. வீட்டுக்கு வந்த படம், கோயிலில் இல்லாத நேரத்துக்கானது. கருவறை முன்னே நீட்டிய கைப்பேசியோ, கோயிலில் இருக்கிற அந்த நொடியையே தின்கிறது. பின்னால் நிற்பவரின் தரிசனத்தையும் மறைக்கிறது. தடையை ஆதரிப்பவர்கள் கருவியைக் குறைசொல்கிறார்கள். நான் அதன் நேரத்தை மட்டும் குறைசொல்வேன். வாட்ஸ்அப்பில் ஜாதகத்தோடு போகிற படமும், வெளிநாட்டில் வேலைபார்க்கும் மகனுக்கு அம்மா அனுப்புகிற தபசுக் காமாட்சி படமும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

2021இல் மாங்காடு நகராட்சியானது. அடுக்குமாடிகள் பெருகுகின்றன; போரூர் பக்கமிருந்து மெட்ரோ பூந்தமல்லி வரை நீள்கிறது. டிஜிட்டல் வந்தபின் பழைய ஸ்டுடியோக்கள் ஜெராக்ஸ் கடைகளாகின. நெகட்டிவ் பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன என்று பழைய பொருளாகப் போகின்றன. பிலிமில் உள்ள வெள்ளிக்காக எடைக்கு வாங்குகிறவர்களும் உண்டு. சோழர் கல்வெட்டைப் படியெடுக்க ஒரு துறை இருக்கிறது. இந்தப் பெட்டிகளுக்கு யாரும் இல்லை. ஊர்ப்புற நூலகத்தில் ஓர் அலமாரியும், உரிமையாளரின் பெயர்விவரத்தை வெளியிடாமல் காக்கும் ஒரு விதியும், ஸ்கேன் செய்ய ஒரு கருவியும் போதும். கடைக்காரர்களின் பில் புத்தகங்களையும் சேர்த்து வாங்க வேண்டும். எந்த மாதம் எந்த அளவில் எத்தனை பிரதி கேட்டார்கள் என்பது அவற்றில்தான் இருக்கிறது. தை, ஆடி மாதக் கணக்குகளை முதலில் தேடுவது நல்லது.