குவாசர்களும் ஹவார்ட்டின் கண்ணாடித் தகடுகளும்

குவாசர்களைப் பற்றி எங்கே வாசித்தாலும் 1963 பெப்ரவரி 5இல்தான் கதை தொடங்கும். நாங்களும் அதைச் சொல்லத்தான் போறோம். ஆனால் அதே வருசம் வந்த இன்னொரு சின்ன ஆய்வையும் சேர்த்துச் சொல்லாட்டி கதை பாதிதான்.

3சி 273 என்பது வானத்தில் கன்னி ராசிப் பக்கம் இருந்து வானொலி அலைகளை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பொருள். சரியாக எந்த இடத்தில் இருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. 1962இல் சந்திரன் அதை மறைத்துக்கொண்டு போனது. சந்திரனின் விளிம்பு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். ஆகவே அலை அறுந்த கணத்தைக் குறித்தால் இடமும் கிடைத்துவிடும். அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்ட்டும் கூட்டாளிகளும் அதைத்தான் செய்தார்கள். 64 மீற்றர் தட்டை வழமையான எல்லைக்கும் கீழே சரிக்க அதன் சில பாகங்களைக் கழற்ற வேண்டியிருந்ததாம்.

அந்த இடத்தில் இருந்தது நட்சத்திரம் போல ஒரு புள்ளி. கலிபோர்னியாவில் மார்ட்டன் ஸ்மிட் அதன் நிறமாலையை எடுத்தார். யாருக்கும் விளங்காத கோடுகள். கடைசியில் பார்த்தால் எல்லாருக்கும் பழக்கமான ஐதரசன் கோடுகள்தான், சிவப்புப் பக்கம் 16 சதவீதம் தள்ளிப்போய் இருந்தன. அப்படியென்றால் அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 200 கோடி வருசம். அவ்வளவு தூரத்தில் இருந்தும் இவ்வளவு தெரியுதென்றால், எங்கட பால்வெளி முழுவதையும் விடப் பல மடங்கு பிரகாசம்.

பிரகாசத்தை விடப் பெரிய தலையிடி அதன் அளவு. ஹவார்ட் அவதானிப்பு நிலையம் 1880களில் இருந்தே வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து அடுக்கி வைத்திருந்தது. 3சி 273ஐ யாரும் தேடவில்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் பதிந்து கிடந்தது. ஹார்லன் ஸ்மித்தும் டொரிட் ஹொஃப்லைட்டும் அந்தத் தகடுகளை எடுத்து அளந்தார்கள். வெளிச்சம் கூடிக் குறைந்திருந்தது, சில வேளை மாதக் கணக்கில்கூட.

இது ஏன் முக்கியம்? ஒரு ஒளியாண்டு அகலமான பொருள் ஒரேயடியாக மின்னினாலும், தூரப் பக்கத்து ஒளி கிட்டப் பக்கத்து ஒளியை விட ஒரு வருசம் பிந்தித்தான் எங்களிடம் வரும். மாற்றம் இழுபட்டுத்தான் தெரியும். மாதங்களில் மாறுகிறதென்றால் வெளிச்சம் வரும் இடமும் ஒளிமாத அளவுதான். பால்வெளியின் விட்டமோ ஒரு லட்சம் ஒளியாண்டு! புதுத் தொலைநோக்கி எதுவும் இல்லாமல், பழைய அலுமாரியில் இருந்து வந்த சாட்சி என்பதால் எங்களுக்கு இதில் தனி விருப்பம்.

இதற்கு முன்பே, 1943இல், கார்ல் சைஃபேர்ட் ஆறு விண்மீன் மண்டலங்களின் மையங்களில் அகன்ற கோடுகளைக் கண்டு எழுதியிருந்தார். அந்த வாயு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றரில் ஓடுகிறது என்று அர்த்தம். யுத்தகாலம், பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. 1960இல் அவர் கார் விபத்தில் இறந்துபோனார்.

சரி, இந்தச் சக்தி எங்கிருந்து? சூரியன் எரியும் முறையில் ஐதரசன் திணிவின் 0.7 சதவீதம்தான் சக்தியாகும். அது காணாது. 1964இல் அமெரிக்காவில் சல்பீட்டரும் சோவியத்தில் செல்டோவிச்சும் தனித்தனியே ஒரே பதிலுக்கு வந்தார்கள்: மிகக் கனமான, மிகச் சிறிய ஒன்றுக்குள் வாயு விழுகிறது. 1969இல் லிண்டன்-பெல் அதைத் தெளிவாக்கினார். வாயு நேரே விழாது, சுழன்று தட்டாகும். உள்வளையம் வேகம், வெளிவளையம் மெது, இரண்டும் உரசிச் சூடேறும். கருந்துளை ஒளிருது எண்டு சொல்லுறது பிழை. ஒளிருவது அதற்குள் விழ முதல் வெளியே சுழலும் வாயு. திணிவில் பத்திலொரு பங்களவு இப்படி ஒளியாகலாம். தட்டின் புறஊதா ஒளி பட்டுச் சுற்றியுள்ள வாயு முகில்கள் மின்னுவதைத்தான் சைஃபேர்ட்டும் ஸ்மிட்டும் கோடுகளாகக் கண்டார்கள். ஹசார்ட் பிடித்த வானொலி அலைகள் வேறு வகை: தாரைகளாய் வீசப்படும் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுருண்டு ஓடும்போது வருபவை. சாதாரண உராய்வு தட்டுக்குப் போதாது, காந்தப்புலம்தான் அதைக் குழப்பி உள்ளே இறக்குகிறது என்பதை பல்பஸும் ஹோலியும் 1991இல்தான் காட்டினார்கள்.

லிண்டன்-பெல் இன்னொன்றும் சொன்னார்: அணைந்த குவாசர்களின் மிச்சம் பக்கத்து மண்டலங்களின் நடுவிலும் இருக்கவேண்டும். எங்கட பால்வெளியின் நடுவில் 40 லட்சம் சூரியத் திணிவில் ஒன்று இருப்பதைக் காட்டியதற்குத்தான் கென்ஸலும் ஆண்ட்ரியா கெஸும் 2020இல் நோபல் பரிசு வாங்கினார்கள். அது மங்கிக் கிடக்குது, விழுவதற்கு அங்கே வாயு மிகக் கொஞ்சம்.