கணக்குப் புத்தகக் கோலமும் கணினிக் கோலமும்



ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விழாவுக்கு முன்னர்ப் பள்ளியில் கோலப் பயிற்சி தொடங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "டீச்சர், இணையத்தில் ஆயிரம் கோலம் கிடைக்கிறது. கணினியில் வரைந்து அச்சிட்டால் கோணல் இல்லாமல் வருகிறது. பிறகு எதற்குப் பிள்ளைகளைக் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் புள்ளி வைக்கச் சொல்கிறீர்கள்?" இது நியாயமான கேள்வி. 'நம் பாரம்பரியம்' என்று ஒரு வார்த்தையில் விடையளித்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கோலமும் கணினியும் சந்தித்துக்கொண்டது நேற்று அன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு. அந்த வரலாற்றை அறிந்தால் கேள்வியே சற்று மாறிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கோலத்தில் இரு பெரும் வகைகள் உள்ளன. புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூ, தேர், மயில் என வரைவது ஒரு வகை. புள்ளியைத் தொடாமல் அதனைச் சுற்றிச் சுற்றிக் கம்பி ஓடி, புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்வது மற்றொரு வகை. இதனைச் சிக்குக் கோலம் என்றும் கம்பிக் கோலம் என்றும் அழைப்பர். நான் இங்கே பேசுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியே. அறிஞர்களை மயக்கியதும் இதுதான்.

சென்னை, தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்றொரு பேராசிரியர் இருந்தார். புள்ளியியல் அவருடைய துறை. ஆயினும் கல்வெட்டு, சிந்துவெளி எழுத்து, மாமல்லபுரச் சிற்பம் என அவர் கை வைக்காத இடமே இல்லை எனலாம். அவருடைய துணைவியார் ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். இவர்கள் இருவரும், பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய கமலா கிருதிவாசனும் சேர்ந்து, 1974 ஆம் ஆண்டில் கணினி வரைகலைக்கான ஒரு பன்னாட்டு ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'அணி இலக்கணங்களும் கோலமும்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். கோலம் என்னும் நம் சொல் ஆங்கிலத் தலைப்பில் அப்படியே நின்றது. இன்றும் கணினி அறிவியல் நூல்களில் 'கோலம் அணி இலக்கணம்' என்றொரு கலைச்சொல் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் நாள்தோறும் வாசலில் வரைந்த ஒன்று, கணினிக் கோட்பாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. இதனை நம் மாணவர்களுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

அந்த 1974 ஆம் ஆண்டுக் கட்டுரை கோலத்தை எப்படிப் பார்த்தது என்பதே இங்கு முக்கியம். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்திற்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அதன் அடிப்படை. சொற்களைக் கோத்து வாக்கியம் அமைப்பது போலச் சிறு கட்டத்துண்டுகளைப் பக்கத்திலும் மேலும் கீழும் சேர்த்துச் சேர்த்து ஒரு பெரிய கோலத்தை வளர்க்கலாம். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது வரலாம் என்பதற்கு விதிகள் உண்டு. அமெரிக்கப் பெண்கள் வெட்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்துத் தைக்கும் போர்வைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே வேலைதான். அந்தப் போர்வைகளை முன்பு கட்டத்தாளில் வண்ணப் பென்சிலால் தீட்டித் திட்டமிட்டனர். 1991 இல் 'எலெக்ட்ரிக் குவில்ட்' என்னும் மென்பொருள் வந்த பின்னர், கட்டத்தாளா கணினியா என்னும் வழக்கு அவர்களிடையேயும் எழுந்தது. சதுரத் துண்டுகளை நகர்த்தி, வண்ணம் மாற்றிப் பார்க்கும் வேலைக்குக் கணினி மிகப் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கோலம் போடும் எந்தப் பெண்ணும் துண்டு துண்டாக ஒட்டுவதில்லை. அவர் கை ஓடுகிறது.

இதனைச் சிரோமணியும் அவருடைய குழுவினரும் உணர்ந்துகொண்டனர். 1980களில் அவர்கள் கோலம் போடுவோரையே உற்றுநோக்கி ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. கோலம் போடுவோர் அதனை ஒரு முழுப்படமாக நினைவில் வைத்திருக்கவில்லை, நடையாக வைத்திருந்தனர். நேரே செல், வலப்பக்கம் திரும்பு, புள்ளியை வலமாக முழுதும் சுற்றித் திரும்பி வா என்றவாறு அசைவுகளின் வரிசையாகவே அவர்கள் கோலத்தை நினைவில் கொண்டனர்; அப்படியே விவரிக்கவும் செய்தனர். இந்த அசைவுகளை அடிப்படையாகக் கொண்டு கம்பிக் கோலத்திற்குப் புதிய இலக்கணம் எழுதப்பட்டது. 1988 இல் கிஃப்ட் சிரோமணி மறைந்தார். அக்கட்டுரை 1989 இல் அவருடைய நினைவு மலரில் வெளிவந்தது. 1974 இல் கட்டத்திலிருந்து புறப்பட்ட ஆராய்ச்சி, பதினைந்து ஆண்டுகளில் கையின் நடைக்கு வந்து சேர்ந்தது என்பதே இவ்வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த அசைவுக் கட்டளைகள் எங்கோ கேட்டவை போல் தோன்றும். 1967 இல் சேமோர் பேப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் குழந்தைகளுக்காக 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். அதில் எழுதுகோலைச் சுமந்த ஓர் ஆமை உண்டு. முன்னே போ, வலம் திரும்பு என்று குழந்தை கட்டளையிட்டால், ஆமை ஊர்ந்த வழியெல்லாம் கோடு விழும். இன்று நம் மாணவர்கள் பயன்படுத்தும் 'ஸ்கிராட்ச்' (2007) மென்பொருளில் அந்த வேலையை ஒரு பூனை செய்கிறது. தாவர வளர்ச்சியை விளக்க 1968 இல் உயிரியலாளர் லிண்டன்மேயர் வகுத்த விதிமுறையை இந்த ஆமையோடு இணைத்துக் கோலங்களையும் கணினியில் வரைந்து காட்டியிருக்கின்றனர். அப்படி வரையப்பட்டவற்றுள் கிருஷ்ணரின் கால் தண்டை என்னும் பெயருள்ள கோலமும் ஒன்று. ஆமைக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொள்வதற்குப் பன்னெடுங்காலம் முன்பே நம் பாட்டிமார் தம் கைக்குக் கட்டளை எழுதி வைத்திருந்தனர்.

எழுதி வைத்திருந்தனர் என்று சொல்வது வெறும் அலங்காரம் அன்று. சிரம்பான் நகரை ஒட்டிய தெமியாங் பக்கத்துத் தோட்ட லயத்தில் வாழ்ந்த என் பாட்டியிடம் ஒரு கோலப் புத்தகம் இருந்தது. என் தந்தையார் பள்ளியில் பயன்படுத்தி மிச்சம் வைத்த கட்டம் போட்ட கணக்குப் புத்தகம்தான் அது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் நுழைய வேண்டிய பெண்களுக்கு நாள்தோறும் பெரிய கோலம் போட நேரம் ஏது? வெள்ளிக்கிழமை, தைப்பொங்கல், தீபாவளி, தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா ஆகிய நாள்களில்தான் வாசல் நிறையும். ஆகவே மறந்துவிடாமல் இருக்கப் புத்தகம் தேவைப்பட்டது. சப்பான்காரன் காலத்தில் (1942–1945) அரிசிக்கே வழியில்லாதபோது, ஈர மண்ணில் குச்சியால் கீறிப் பழகியதாகப் பாட்டி சொல்வார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும்.

அந்தப் புத்தகத்தின் சிறப்பு என்னவென்றால், பெரும்பாலான பக்கங்களில் முழுக்கோலம் இல்லை. புள்ளிகள் இருக்கும். ஓர் ஓரப் புள்ளியின் அருகே கம்பி புறப்படும் இடத்தைக் காட்டும் சிறு சுழி இருக்கும். முதல் நான்கைந்து வளைவுகள் இருக்கும். அவ்வளவுதான். மிச்சம் அவருடைய வாயில் இருந்தது. பக்கத்தில் அமர்ந்து வரையும்போது, "ஆத்தா, ரெண்டு புள்ளி நேரா ஓடு, மூணாவத சுத்திக்கிட்டுத் திரும்பு, தொட்டுடாத" என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் 2009 இல் காலமானார். அப்புத்தகத்தில் ஏறக்குறைய பாதிக் கோலங்களை என்னால் முடிக்க இயலுகிறது. மற்றவற்றில் புள்ளிகளும் அந்தச் சுழியும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

இந்த இழப்புக்குக் கணினியைக் குறை சொல்வது பொருந்தாது. வரிசையை முதலில் கைவிட்டது அச்சுத்தாள். மார்கழி வந்தால் தமிழ்நாட்டு மகளிர் இதழ்கள் கோலங்களை வெளியிடும். சிரம்பான் கடைகளில் வாங்கித் தோட்டத்தில் கைமாறிப் படிப்போம். "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 இல் நிறுத்தவும்" என்ற குறிப்போடு முடிந்த கோலம் அச்சாகியிருக்கும். எங்கே தொடங்கி எப்படி ஓடுவது என்பது இருக்காது. 1990களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறி, மக்கள் தாமான்களுக்கும் அடுக்ககங்களுக்கும் குடிபெயர்ந்தனர். வாசல் சுருங்கியது, பக்கத்தில் அமர்ந்து சொல்லித்தரும் கிழவியும் வேறு வீட்டுக்குப் போனார். புத்தகம் மட்டும் பெட்டிக்குள் போய்க் கறையானுக்கு இரையானது.

வரிசை போனால் வடிவமும் மெல்லச் சிதையும் என்பதற்கு ஒரு கணித அறிஞரின் ஆய்வைச் சான்றாகக் காட்டலாம். மொசாம்பிக் நாட்டைச் சேர்ந்த பாவுலஸ் கெர்டஸ், அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து விரலால் வரையும் 'சோனா' ஓவியங்களை ஆராய்ந்தவர். (அங்கே வரைபவர்கள் ஆண்கள், நம் வகுப்பில் "கோலம் பெண்பிள்ளை வேலை" என்று ஒதுங்கும் பையன்களிடம் நான் தவறாமல் இதனைச் சொல்வேன்.) அவர் 1989 இல் தமிழ்க் கோலங்களைப் பற்றியும் எழுதினார். பல கம்பிகளாகப் பிரிந்து கிடக்கும் சில கோலங்கள், முன்பு ஒரே கம்பியாக ஓடியவற்றின் சிதைந்த வடிவங்களாக இருக்கலாம் எனக் கருதி, அவற்றை மீட்டமைக்க முயன்றார்.

இன்றைய நிலைமை இன்னும் விந்தையானது. செயற்கை நுண்ணறிவிடம் சிக்குக் கோலம் கேட்டுப் பார்த்தேன். ஒரு நொடியில் கண்ணைப் பறிக்கும் படம் வந்தது. விரலை வைத்துக் கம்பியைத் தொடர்ந்தால், அது பாதி வழியில் அறுந்து நிற்கிறது; இன்னோரிடத்தில் புள்ளியின் மேலேயே ஏறிப் போகிறது; ஒரு மூலையில் புள்ளியே இல்லாத சுழி. அது கோலத்தின் தோற்றத்தை அறிந்திருக்கிறது, ஓட்டத்தை அறியவில்லை. இத்தகைய படங்கள் விழா அழைப்பிதழ்களிலும் பதாகைகளிலும் ஏறத் தொடங்கிவிட்டன. நம் பிள்ளைகளுக்கு அது பிழை என்று தெரியுமா என்பதே என் கவலை. ஒரு முறையாவது கையால் ஓடிப் பார்த்த பிள்ளைக்குத் தெரியும்.

ஆகவே என் வகுப்பில் முதலில் தாள், பிறகே கணினி. அதற்கு வரலாற்றுக் காரணம் மட்டுமன்றிக் கணக்குக் காரணமும் உண்டு. வீட்டிலேயே செய்து பாருங்கள். செவ்வகமாக நேர்ப்புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் கம்பிகள் குறுக்கிட்டுச் செல்லும் எளிய சிக்குக் கோலம் போடுங்கள். 3 வரிசை, 4 புள்ளி என்றால் ஒரே கம்பியில் முடியும். 3 வரிசை, 3 புள்ளி என்றால் மூன்று தனித்தனிக் கம்பிகள் தேவைப்படும். 2 வரிசை, 4 புள்ளி என்றால் இரண்டு. கம்பிகளின் எண்ணிக்கை அவ்விரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம். கணினியில் முடிந்த படத்தைக் காட்டினால் பிள்ளைகள் "அழகாக இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்து விடுகின்றனர். பென்சில் எதிர்பாராமல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட, இன்னும் பல புள்ளிகள் சுற்றப்படாமல் கிடக்கும்போதுதான் "ஏன் டீச்சர்?" என்னும் கேள்வி பிறக்கிறது. ஊடுபுள்ளியிலும் கணக்கு உண்டு. 7 இல் தொடங்கி 4 இல் நிறுத்தினால் 4+5+6+7+6+5+4, மொத்தம் 37 புள்ளிகள். பாட்டி இதனைக் கூட்டிப் பார்த்ததில்லை. மாவு எவ்வளவு பிடிக்கும் என்று மட்டும் சரியாகச் சொல்வார்.

தாளில் ஓடிப் பழகிய பின்னர், மாணவர்கள் அதே கோலத்தை ஸ்கிராட்ச் பூனைக்குக் கட்டளைகளாக எழுதுகின்றனர். 2017 முதல் நம் பாடத்திட்டத்தில் இடம்பெறும் கணிமச் சிந்தனைக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இங்கேதான் கணினி, தாளால் இயலாத உதவியைச் செய்கிறது. முடிந்த படத்தை மட்டுமன்றிச் சென்ற வழியையும் வரி வரியாக அது காத்து வைக்கிறது. ஒரு கட்டளையை மாற்றினால் கம்பி எங்கே தடம் மாறுகிறது என்பதை உடனே காட்டுகிறது.

சென்ற பொங்கலுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கொள்ளுப்பாட்டி கோலம் போடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வந்தாள். முடிந்த கோலத்தையன்று, முதல் புள்ளியிலிருந்து கை ஓடுவதைப் பதிவு செய்யுமாறு நான் சொல்லி அனுப்பியிருந்தேன். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வகுப்பே சேர்ந்து கட்டளைகளை எழுதியது. அதன் தொடக்கச் சுழியும் முதல் வளைவுகளும் பாட்டியின் புத்தகத்தில் பதினோராம் பக்கத்தில் பாதியில் நிற்கும் கோலத்தோடு ஒத்துப்போகின்றன. நான்காவது வளைவுக்குப் பின் அது எவ்வாறு ஓடியது என்பதை அந்த மூதாட்டியின் கையிலிருந்து இப்போது தெரிந்துகொண்டோம். இன்னும் எட்டுப் பக்கங்கள் இருக்கின்றன. தெமியாங், லாபு, நீலாய் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த மூதாட்டியர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் கையை முதல் புள்ளியிலிருந்து பதிவு செய்து தாருங்கள்.